நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? நீலகிரியில் நாய் விடுதி தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் நாய் ரோஸியை விடுதியிலிருந்து கூட்டிவரப் போன அன்று முதலில் என் கண்ணில் பட்டது அவள் மூக்குதான். மூக்குத்தண்டின் மேல் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு ரோமமும் தோலும் உரிந்து சிவந்திருந்தது, ஓரமெல்லாம் காய்ந்த பொருக்கு. இரண்டு ராத்திரியும் கம்பி வலையில் முட்டி முட்டித் தேய்த்திருக்கிறாள். வலையிலும் சரியாக அவள் மூக்கு உயரத்தில் துருவோடு கலந்து அந்தக் கறை இருந்தது. என்னைப் பார்த்ததும் குரைக்க வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிப்போகும் வரை கத்தியிருக்கிறாள்.

கோவையில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக அவளை மலையில் அந்த விடுதியில் விட்டிருந்தோம். பார்க்காமல் விடவில்லை. முந்தின வாரமே பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். நல்ல வெயில், கழுவிவிட்ட தரை, வாலாட்டும் நாய்கள், அன்பாகப் பேசிய பையன். திருப்தியோடுதான் திரும்பினோம். ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. பிறகு கேட்டபோது, "ஏழு மணிக்குப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவோங்க மேடம், காலைல ஏழுக்கு வந்துருவோம்" என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆள் இல்லாத இடம், சுற்றிலும் தேயிலைத் தோட்டம். அந்த வாரம் சிறுத்தை நடமாட்டம் இருந்ததாகப் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நமக்குக் கண்ணுக்குத் தெரியாதது நாய்க்கு மூக்கில் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கீழே கோவை என்று நிறைய விடுதிகளை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். மலையில் இருக்கிற நமக்கு விடுதியின் தரம் தெரிவது சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கே வரும்.

1. விடுதிதான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள்

இரண்டு, மூன்று நாள் பயணம் என்றால் நாய்க்குப் பழக்கமான ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவது எல்லாவற்றிலும் நல்லது. நாய்க்கு இடம் மாறாது, படுக்கை மாறாது, வேறு நாய்களிடமிருந்து நோய் ஒட்டாது. ஆனால் அவர் ராத்திரி அங்கே படுக்க வேண்டும், நாய் வீட்டுக்குள் படுக்க வேண்டும். "நீங்க போய்ட்டு வாங்க, நான் காலையும் சாயங்காலமும் சோறு வச்சிடறேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது உண்மையான அன்புதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் நாய் ராத்திரி முழுவதும் வாசலில் சங்கிலியில் தனியாகக் கிடக்கும். திண்ணையில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப் போன கதை குன்னூரிலும் கோத்தகிரியிலும் தெருவுக்கு ஒன்று கேட்கலாம். அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடிப் பார்க்கும். கட்டிய நாயால் அதுவும் முடியாது. நாயை எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்துவிட்டு நடமாட விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சில நாய்களை விடுதிக்கே அனுப்பக் கூடாது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டி, அதாவது நான்கு மாதத்துக்கு உட்பட்டது, கண்டிப்பாக வேண்டாம். பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டை நாயை நல்ல விடுதி எதுவும் ஏற்காது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதால் காலண்டரில் குறித்து வைத்திருந்தால் பயணத் தேதியோடு மோதுமா என்று முன்பே தெரிந்துவிடும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கண் தெரியாத, காது கேட்காத கிழ நாய்க்கு இடம் மாறினாலே நிலைகுலைந்துவிடும். இவற்றுக்கெல்லாம் வீட்டில் ஆள் தங்குவதுதான் வழி. ஆள் கிடைக்காவிட்டால் பயணத்தையே இரண்டாகப் பிரித்து, வீட்டில் பாதிப் பேர் முதலில், மீதிப் பேர் பிறகு என்று போய் வந்திருக்கிறோம்.

2. குறைந்தது ஆறு வாரம் முன்னால் தொடங்குங்கள்

நாம் கீழே இறங்கும் காலமும் வெளியூர்க்காரர்கள் மேலே ஏறும் காலமும் ஒன்றுதான்: ஏப்ரல், மே. மலர்க் கண்காட்சி சமயத்தில் நாயோடு வந்துவிட்டு, தங்குமிடத்தில் நாயைச் சேர்க்காததால் விடுதி தேடி அலைகிறவர்கள் பலர். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் இதே கதை. கடைசி வாரம் தேடினால் இடம் இருக்கும் விடுதிதான் கிடைக்கும், நல்ல விடுதி கிடைக்காது.

ஆறு வாரம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் தடுப்பூசி. அதற்கு அடுத்து வருகிறேன்.

3. ஊசிப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்

நாய்க்கடிக்கு ஊசி என்றாலே நம் ஊரில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்தான் நினைவுக்கு வரும். 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே தொடங்கிய இடம் அது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு வெறிநோய் ஊசி போடாத நாயை நாலு நாய்களோடு விடுவது நியாயமே இல்லை. ஆனால் விடுதியைப் பொறுத்தவரை அந்த ஒரு ஊசி போதாது.

நாய் டாக்டர்கள் போடும் கூட்டு ஊசியில் டிஸ்டெம்பர் (காய்ச்சல், வலிப்பு தரும் வைரஸ் நோய்), பார்வோ (கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் வைரஸ் நோய்), கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் எல்லாம் அடக்கம். பல நாய்கள் ஒரே இடத்தில் இருக்கும்போது இவை ஒவ்வொன்றும் முக்கியம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். போன மாதம் ஒரு நாய் வயிற்றுப்போக்கோடு கிடந்த கூண்டில் இந்த மாதம் உங்கள் நாய் படுத்தால் ஒட்டிக்கொள்ளலாம். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாக வருவது. நம் ஊர் போல எப்போதும் ஈரம் சொதசொதக்கும் இடத்தில் அதற்குக் கொண்டாட்டம், மனிதர்களுக்கும் தொற்றும். இதற்கான ஊசி ஒரு வருடத்துக்குமேல் தாங்காது, முதல்முறை போடுகிறவர்கள் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. கடைசி ஊசிக்கும் விடுதிக்கும் நடுவே இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

இன்னொன்று கென்னல் இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் நாய் 'ஹக் ஹக்' என்று வறட்டு இருமல் இருமும், முடிவில் நுரை கக்கும். ஒரு நாய்க்கு வந்தால் காற்றிலேயே அடுத்த கூண்டுக்குப் போய்விடும். இதற்கு மூக்கில் விடும் மருந்து இருக்கிறது. மலையில் எல்லா கிளினிக்கிலும் கைவசம் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். விடுதிக்குப் போவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே விட்டுவிடுங்கள்.

உண்ணிக்கு மருந்து, குடற்புழு மாத்திரை இரண்டையும் அதே சமயத்தில் முடித்துவிடுங்கள்.

முதல் போனிலேயே விடுதிக்காரர் ஊசிப் புத்தகத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் நிம்மதியாக மேலே பேசலாம். ஊசியைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றால் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயின் வீட்டுக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டார்.

4. மேலேயா, கீழேயா?

மலையில் விடுதிகள் குறைவு, கோவையில் நிறைய. விமானமோ ரயிலோ பிடிக்கக் கீழேதான் போகிறோம், போகிற வழியில் விட்டுவிடலாமே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். சில சமயம் அது சரி. பல சமயம் சரியில்லை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவுதான். குளிரில் வளர்ந்து அடர்த்தியாக ரோமம் போட்ட நாயை ஏப்ரல் மாதம் கோவையின் 37, 38 டிகிரி வெயிலில் ஒரே நாளில் இறக்குவது அதற்குப் பெரிய சோதனை. பக், ஷி ட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு உயிருக்கே ஆபத்து, மூச்சிரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்கும் வழி அவற்றுக்குக் குறுகலானது. மார்ச்சிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை அப்படிப்பட்ட நாயைக் கீழே விடவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. குளிர்காலத்தில் கதை மாறும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கமெல்லாம் புல்வெளி வெளுத்து உறைபனி விழும்போது, ரோமம் குறைந்த சிப்பிப்பாறைக்கும் மூட்டுவலி உள்ள கிழ லாப்ரடாருக்கும் கோவையின் இதமான குளிரே மேல்.

அடுத்தது மலைப்பாதை. வளைவுகளில் நாய் வாந்தி எடுக்கும். கிளம்புவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பிருந்தே சோறு வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம். அப்படியும் எடுக்கும் நாய்க்கு டாக்டரிடம் மாத்திரை உண்டு. சீசனில் குன்னூர் வழியே ஏற்றம், கோத்தகிரி வழியே இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால், கோவை விடுதி வண்டி அனுப்பி நாயைக் கூட்டிப்போவதாகச் சொன்னால் பாஸ் எடுப்பது யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் வேறு ஒரு கவலை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும். 2009 நவம்பர் நிலச்சரிவில் பாதைகள் அடைபட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. நாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவில் பாதை இல்லை என்றால் என்ன செய்வது? அந்த மாதங்களில் விடுதி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், சொன்ன தேதிக்குமேல் நான்கைந்து நாள் கூட வைத்துக்கொள்ள இடம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விடுதி இருக்கும் பக்கத்திலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்து, அவர் வந்தால் நாயை ஒப்படைக்கலாம் என்றும் எழுதிக் கொடுங்கள்.

5. போனில் கேட்க வேண்டியவை

போனில் நீட்டி முழக்க வேண்டாம். ராத்திரி அங்கே யார் படுக்கிறார்கள்? நாய்கள் எத்தனை மணிக்கு உள்ளே போகும்? ஒரே சமயத்தில் எத்தனை நாய், எத்தனை ஆள்? எந்த டாக்டரிடம் காட்டுவீர்கள்? நேரில் எப்போது வந்து பார்க்கலாம்? இதில் முதல் கேள்விக்கு "கேமரா இருக்குங்க" என்று பதில் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். கேமரா பார்க்கும், கதவைத் திறக்காது. கடைசிக் கேள்விக்கு "வர வேண்டாம், வீடியோ அனுப்பறோம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

6. சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள்

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். பகலில் போகாமல் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் போங்கள். நாய்களை உள்ளே சேர்ப்பது, சோறு வைப்பது, கதவு அடைப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். இருட்டும் வரை நில்லுங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

முதலில் கூரையைப் பாருங்கள். பக்கவாட்டில் எட்டடி வலை கட்டிவிட்டு மேலே திறந்து விட்டிருக்கும் இடங்கள் உண்டு. சிறுத்தைக்கு எட்டடி ஒரு பொருட்டல்ல, பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் இருந்தால் வேலியைத் தாண்டக்கூட வேண்டாம், மரத்தில் ஏறியே உள்ளே குதித்துவிடும். பகலில் நாய் விளையாடும் இடம் திறந்திருக்கலாம். ராத்திரி படுக்கும் இடத்துக்குச் சுவரும் கூரையும் உள்ளிருந்து தாழிடும் கதவும் வேண்டும். வேலிக்கு அடியில் காட்டுப்பன்றி தோண்டிய பள்ளம் இருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். வெளிக்கதவும் உள்கதவுமாக இரட்டைக் கதவு இருக்க வேண்டும். பயந்த நாய் ஒற்றைக் கதவுச் சந்தில் நழுவி ஓடினால் நம் ஊரில் தேடிப் பிடிப்பது லேசில்லை. சோற்று மிச்சத்தை வெளியே கொட்டுகிறார்களா என்றும் பாருங்கள். அந்த வாசனைக்குக் கரடி வரும், பன்றி வரும், தெருநாய் வரும், தெருநாய்க்குப் பின்னால் சிறுத்தை வரும்.

அடுத்தது தரை. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மலையில் சிமெண்டுத் தரை ராத்திரி பனிக்கட்டி மாதிரி இருக்கும். மேலே மரப்பலகை, அதன்மேல் சாக்கோ கம்பளியோ வேண்டும். பலகைக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் ஈரம் ஏறாது. கம்பளியைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். மழைக்காலத்தில் துணி காய்வது நமக்கே பெரும்பாடு, இருபது நாயின் கம்பளியை எங்கே எப்படிக் காயவைக்கிறார்கள் என்று கேட்டால் அந்த இடம் எப்படி நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

குளிருக்கு என்ன செய்கிறார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். "கரி அடுப்பு வைப்போம்" என்று சொன்னால், எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நாம் படித்திருக்கிறோம். மனிதனைக் கொல்லும் புகை நாயையும் கொல்லும். குளிரைத் தாங்கும் அறை, தடித்த படுக்கை, தேவைப்பட்டால் ஸ்வெட்டர், இவ்வளவு போதும். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கும் விடுதியில் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் நாயை விடமாட்டேன்.

மூக்கையும் நம்புங்கள். நாய் இருக்கும் இடத்தில் நாய் வாசனை வரத்தான் செய்யும். கண் எரியும் மூத்திர நெடி வரக் கூடாது. அதேபோல் பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், பார்வோ கிருமி பினாயிலுக்குச் சாகாது. கூண்டு காலியானதும் அழுக்கைக் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கழுவுகிறோம் என்று சொல்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். ஒரு கூண்டின் தண்ணீர் அடுத்த கூண்டுக்குள் போகக் கூடாது.

இதெல்லாம் பார்த்த பிறகு நாய்களைப் பாருங்கள். புது ஆளைக் கண்டு குரைப்பது இயல்பு. சிறிது நேரத்தில் அடங்க வேண்டும். ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும் நாய், சுவரைப் பார்த்து நிற்கும் நாய், மூக்குத்தண்டு உரிந்த நாய் இருந்தால் விசாரியுங்கள். பராமரிக்கும் பையன் பக்கத்தில் வரும்போது நாயின் வால் என்ன செய்கிறது? ஒடுங்கி உள்ளே போனால் அங்கே அடி விழுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். வாலை ஆட்டிக்கொண்டு வலையில் ஏறினால் அந்தப் பையனை நம்பலாம். ஒவ்வொரு நாயையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா என்று கவனியுங்கள். குன்னூர் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்க்கும் தம்பி, நாங்கள் போனபோது ஒரு கிழ டாஷ்ஹண்டின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து சோற்றை உருண்டை பிடித்துக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். "இவருக்குத் தட்டுல வச்சா சாப்பிட மாட்டாருங்கக்கா, வீட்ல ஆயா கையிலயே ஊட்டிப் பழக்கிட்டாங்க" என்றான். ரோஸியை அதற்கப்புறம் அங்கேதான் விடுகிறோம்.

நடைக்கு எங்கே கூட்டிப்போகிறார்கள் என்பதும் முக்கியம். தேயிலைத் தோட்டத்துக்குள் கயிறில்லாமல் ஓடவிடுவதைப் பெருமையாகச் சொல்லும் இடங்கள் உண்டு. தோட்டத்தில் காட்டெருமை நிற்கும், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி கிடக்கும், மருந்தடித்த செடி இருக்கும். கயிறோடு, பகல் வெளிச்சத்தில், ஆளோடு மட்டும்தான் நடை. திரும்பியதும் கால்விரல் இடுக்கு, காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடி எல்லாம் உண்ணிக்கும் அட்டைக்கும் தடவிப் பார்க்க வேண்டும். செய்கிறோம் என்றால், "எப்படிப் பார்ப்பீங்க, காட்டுங்களேன்" என்று கேளுங்கள்.

மற்ற நாய்களோடு கலந்து விடுவது பற்றி: ஒரே அளவு நாய்களை, பழக்கி, ஆள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் விடலாம். சோறு தனித்தனியாக. ராத்திரி தனித்தனியாக.

7. உடம்புக்கு முடியாமல் போனால்

பகலில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் கால்நடை மருத்துவமனை, கிளினிக் எதிலாவது காட்டிவிடலாம். ராத்திரி பதினொரு மணிக்குப் பெரிய விஷயம் என்றால் மலை இறங்கிக் கோவைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். அதனால் விடுதியில் வண்டி நிற்கிறதா, ராத்திரி ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய் வைத்திருப்பவர்கள் வயிற்று முறுக்கல் பற்றி விடுதிக்காரரிடம் பேசியே ஆக வேண்டும். வயிறு பலூன்போல் உப்பும், நாய் வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் நடக்கும். சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிட்டால் பிழைக்காது. பெரும்பாலும் சாயங்காலச் சோற்றுக்குப் பிறகு, ராத்திரியில் வருவது. ஆள் படுக்காத விடுதியில் இதை யார் பார்ப்பார்கள்? அத்தகைய நாய்க்குச் சோற்றை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், சாப்பிட்டதும் ஓடவிட வேண்டாம்.

ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் கொடுங்கள். என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இன்ன டாக்டரிடம் காட்டலாம், இவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமலே செலவு செய்யலாம், அதற்குமேல் என்றால் என் தம்பியை இந்த எண்ணில் கேட்கவும் என்று தெளிவாக இருக்க வேண்டும். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது முடிவெடுக்க ஆள் இல்லாமல் நாய் கிடக்கக் கூடாது.

8. ஒரு ராத்திரி ஒத்திகை

எல்லாம் பிடித்துப்போனாலும் உடனே ஒரு வாரத்துக்கு விடாதீர்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரே ஒரு ராத்திரி விடுங்கள். நீங்கள் ஊரிலேயே இருங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். படுக்கை நனைந்திருக்கிறதா, தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறதா, குரல் எப்படி இருக்கிறது, மூக்கு, நகம், பாதம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நகத்தில் ரத்தம் இருந்தால் ராத்திரி முழுக்கக் கதவைப் பிராண்டியிருக்கிறது. சோறு தொடாமல் இருப்பது முதல் ராத்திரி சகஜம். தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் யோசிக்க வேண்டும்.

நன்றாக இருந்தால் இன்னொரு தடவை, இரண்டு ராத்திரி. நாய்க்கு அப்போதுதான் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது புரியும். செலவுதான். ரோஸிக்கு மூக்குக் காயம் ஆற மூன்று வாரமும் மறுபடி காரில் ஏறச் சம்மதிக்க ஆறு மாதமும் ஆனது, அதைவிட இந்தச் செலவு குறைவு.

9. கூடக் கொடுத்தனுப்ப வேண்டியவை

வீட்டில் சாப்பிடும் அதே உணவைக் கொடுத்தனுப்புங்கள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக. உலர் உணவு சாப்பிடும் நாய்க்கு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிட்டால் குழப்பம் இல்லை. கோழியும் மஞ்சள் போட்ட சோறும் சாப்பிடும் நாய் என்றால் அதையே செய்து தர முடியுமா என்று கேட்டு, முடியாவிட்டால் பத்து நாள் முன்பிருந்தே விடுதி உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும், அதைப் பார்த்து எல்லாரும் பதறுவார்கள்.

துவைக்காத பழைய போர்வையோ உங்கள் பழைய ஸ்வெட்டரோ ஒன்று வேண்டும். உங்கள் வாசனைதான் அதற்கு ராத்திரித் துணை. விலை உயர்ந்த படுக்கை வேண்டாம், கடித்துப் போடும்.

ஒரு தாளில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நாங்கள் ரோஸிக்கு எழுதுவது இப்படி இருக்கும்: 'பேர் ரோஸி. வயது 9. காலை 7, மாலை 5 சாப்பாடு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. மழை இடிக்குப் பயம், அப்போது பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும். இடது பின்னங்காலைப் பிடித்தால் வலிக்கும், கடிக்க வருவாள், தொட வேண்டாம்.' சாக்லேட்டைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டீயில் நனைத்த வர்க்கித் துண்டைப் போல, வீட்டில் செய்த ஊட்டி சாக்லேட்டையும் பாசத்தோடு நாய்க்குப் போடுகிறவர்கள் நம்மூரில் அதிகம். வர்க்கியால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சாக்லேட் விஷம்.

கெட்ட குணத்தை மறைக்காதீர்கள். சோற்றுத் தட்டைத் தொட்டால் உறுமும், சுவர் தாண்டும், தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியும் என்றால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் கடி வாங்குவது அந்தப் பையன்தான்.

10. விடும் நாளும் பயண நாள்களும்

மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும் என்று அன்று சாயங்காலம் அவசர அவசரமாக நாயைக் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். காலையிலேயே விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போது இடத்தை முகர்ந்து, ஆள்களைப் பார்த்து, ஒரு நடை போய்வந்து, பிறகு இருட்டட்டும். கட்டிப்பிடித்து அழ வேண்டாம், கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சாதாரணமாக வந்துவிடுங்கள்.

தீபாவளியை ஒட்டி விடுவதானால் வெடிச் சத்தத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். உள்ளறை, மூடிய ஜன்னல், பக்கத்தில் ஆள் வேண்டும். அதிகமாக நடுங்கும் நாய்க்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்து வாங்கி வையுங்கள்.

தினமும் ஒரு படம் போதும். பகலில் புல்லில் நிற்கும் படத்தைக் கேட்காதீர்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையில் இருக்கும் படத்தைக் கேளுங்கள். ஒன்பது மணிக்குப் படம் வந்தால் ஒன்பது மணிக்கு அங்கே ஆள் இருக்கிறார்.

11. கூட்டிவந்த பிறகு

வந்ததும் வாளித் தண்ணீரையும் குடிக்கப் பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அன்று அரை வயிறு சோறு. இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தால் பயப்படாதீர்கள், கூட்டத்தில் சரியாகத் தூங்கியிருக்காது.

அன்றே வெளிச்சத்தில் உட்காரவைத்து உச்சி முதல் வால் வரை விரலால் தடவுங்கள். காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில் மிளகு மாதிரி தட்டுப்பட்டால் உண்ணி. நசுக்காமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் சோர்வு, காய்ச்சல், சோறு வேண்டாம் என்பது, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடுதியில் இருந்து வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இருமலுக்கு இரண்டு வாரம் கணக்கு வையுங்கள். அதுவரை பக்கத்து வீட்டு நாயோடு மூக்கை உரச விடாதீர்கள். இருமல் வந்தால் அன்றே விடுதிக்குப் போன் செய்து சொல்லுங்கள். சண்டைக்காக இல்லை, அங்கே இருக்கும் மற்ற நாய்களை அவர்கள் உடனே பிரித்து வைக்க வேண்டும், இனி வரப்போகிறவர்களை நிறுத்த வேண்டும். நாங்கள் ஒருமுறை அப்படிச் சொன்னபோது அந்தக் குன்னூர் விடுதிக்காரர் பத்து நாள் புது நாய் எதையும் சேர்க்காமல் மூடிவைத்தார். அடுத்த தடவைக்கான தேதியை அந்தப் போனிலேயே சொல்லி வைத்துவிட்டோம்.